பதினெட்டு அடிக் குழாயை மடியில் ஏற்றினால்: பெரிய டியூபாவின் சுகமும் ஓசையும்

பாகாயம் பேஸ் | ஞாயிறு, மாலை 4.10

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் ஒரு தேவாலயத்தின் பேண்டு குழுவில் பதினோரு ஆண்டுகளாக பேஸ், அதாவது அடி ஸ்வரங்களுக்கான பித்தளைக் குழல் வாத்தியம், ஊதி வருகிறேன். இதுவரை என் கையில் இருந்தது மூன்று வால்வு (ஸ்வரம் மாற்ற விரலால் அழுத்துவது) உள்ள ஈ பிளாட் பேஸ். நம் சுருதிக் கணக்கில் இரண்டரைக் கட்டை. சென்ற மாதம், வெளிநாட்டில் குடியேறிவிட்ட ஒரு குடும்பத்தார், தங்கள் தாத்தா வைத்திருந்த பெரிய டியூபா ஒன்றை எங்கள் குழுவுக்குக் கொடுத்தார்கள். அது பி பிளாட், அதாவது ஆறரைக் கட்டை, நான்கு வால்வு, பெல்லின், அதாவது விரிந்த வாயின், குறுக்களவு 50 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். எடையைத் தெரிந்துகொள்வதற்காகப் பக்கத்து அரிசி மண்டியின் மேடைத் தராசில் கவிழ்த்து வைத்தோம். 12 கிலோ 300 கிராம் காட்டியது. மண்டிக்காரர் பெல்லுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "காலியாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார்.

எனக்கு இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது உடம்பு. மடியில் வைத்து அரை மணி நேரம் ஊதினால் இடது தொடை மரத்துப் போகிறது; இடது தோளிலிருந்து கழுத்து வரை இழுத்துப் பிடிக்கிறது; கீழ் ஸ்வரங்களைத் தொடர்ந்து ஊதும்போது தலை சுற்றுகிறது. இரண்டாவது ஓசை. ஈ பிளாட்டில் நான் ஊதுவது எனக்கே தெளிவாகக் கேட்கும். இதில் எவ்வளவு ஊதினாலும் பஞ்சு மூட்டைக்குள் பேசுவது போல என் காதுக்கு மந்தமாகவே இருக்கிறது. ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்ட எங்கள் பேண்டு மாஸ்டர், பெஞ்சுப் பலகை அதிர்கிறது என்கிறார். இருவரில் யார் சொல்வதை நம்புவது? இந்தப் பெரிய வாத்தியத்தோடு பழகிக்கொள்வதா, பழைய ஈ பிளாட்டுக்கே திரும்புவதா? எனக்கு வயது 46, உயரம் ஐந்தடி நாலங்குலம்.

கோசப்பேட்டை செட் | ஞாயிறு, இரவு 8.35

தம்பி, முப்பது ஆண்டுகளாகக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பேண்டு ஊதிய அனுபவத்தில் சொல்கிறேன். மடியில் வைக்கும் பெரிய பேஸ், உட்கார்ந்து ஊதுகிறவர்களுக்கு உரியது. நடக்கிறவனுக்கு அது ஆகாது. அதற்காகவே தோளில் மாட்டிக்கொள்ளும் சூசபோன் வந்தது. அதற்கு முன்பே உடம்பைச் சுற்றிக்கொள்ளும் ஹெலிக்கன் என்ற வாத்தியம் இருந்தது. அமெரிக்க மரைன் படையின் பேண்டை முன்பு நடத்திய சூசா, ஓசை தலைக்கு மேலே எழுந்து பரவவேண்டும் என்று கேட்டதால், 1893ஆம் ஆண்டு பெப்பர் நிறுவனத்தார் வானத்தைப் பார்த்த பெல்லோடு முதல் சூசபோனைச் செய்தார்கள். மழை பிடிக்கும் அண்டா என்று அதை அங்கே கேலி செய்தார்களாம். பெல் முன்பக்கம் திரும்பியது அதன் பிறகுதான்.

என்னிடம் இருப்பது மீரட்டின் ஜலி கோத்தியிலிருந்து வந்த பித்தளைச் சூசபோன். வளையத்துக்குள் தலையை நுழைத்தால் பாரம் முழுவதும் இடது தோளில் இறங்கிவிடும். கைகளுக்கு வேலை குறைவு. தோளில் ஈரிழைத் துண்டை நான்காக மடித்து, மடிப்பு விளிம்பு கழுத்துப் பக்கம் வராதபடி வைக்கவேண்டும். விளிம்பு உள்ளே வந்தால் ஒரு தெரு தாண்டுவதற்குள் தோலை அறுத்துவிடும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவில், வைகாசி வெயிலில், துண்டு நனைந்து பிழியும்படி ஆன பிறகும் நான் நடந்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் நீங்கள் சொல்கிற 12 கிலோ மடி வாத்தியத்தைக் கொண்டுபோனால், அதைக் காப்பாற்றவே இரண்டு ஆள் வேண்டும்.

ஓசையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தெருவில் பம்பையும் தவிலும் அடிக்கும்போது அகன்ற பேஸின் ஓசை கரைந்து போகும். சிறிய பேஸ்தான் விளிம்பு உள்ள ஓசையைக் கொடுத்து, காதில் தைக்கும். ஆகவே ஈ பிளாட்டை விற்றுவிடாதீர்கள்.

காட்பாடி இயற்பியல் | திங்கள், காலை 6.20

பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். மாலையில் டியூபாவின் சிறிய உறவான யூபோனியம் வாசிக்கிறேன். பாகாயம் அண்ணா கேட்ட இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். டியூபாவில் "பெரிய" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று நீளம். ஈ பிளாட் குழாயைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 13 அடி. பி பிளாட் 18 அடி. நீளம் கூடினால் சுருதி இறங்கும். மற்றொன்று பருமன். ஒரே 18 அடி நீளத்தில் ஒல்லியான பி பிளாட்டும் உண்டு, பெருத்த பி பிளாட்டும் உண்டு. இரண்டும் ஆறரைக் கட்டைதான். முக்கால் அளவு, நாலுக்கு நாலு, ஐந்துக்கு நாலு, ஆறுக்கு நாலு என்று வியாபாரிகள் குறிப்பிடுவது இந்தப் பருமனைத்தான். இதற்குப் பொது அளவுகோல் எதுவும் இல்லாததால், ஒரு நிறுவனத்தின் ஐந்துக்கு நாலு மற்றொரு நிறுவனத்தில் ஆறுக்கு நாலாக இருக்கக்கூடும். உங்கள் வாத்தியத்தின் பெல் அளவைப் பார்த்தால், அது இரண்டு பொருளிலும் பெரியது என்று தோன்றுகிறது.

இனி ஓசை. வால்வு எதையும் அழுத்தாமல் பி பிளாட்டில் எளிதாக ஒலிக்கும் கீழ் ஸ்வரம் நொடிக்கு 58 அதிர்வுகள் கொண்டது. அதற்கும் கீழே இருக்கும் அடி ஸ்வரம் 29 அதிர்வுகள். நம் ஊர்ச் சூட்டில் 58 அதிர்வு ஓசையின் ஓர் அலை ஏறக்குறைய 6 மீட்டர் நீளம் இருக்கும். அவ்வளவு நீண்ட அலைக்கு அரை மீட்டர் அகலமுள்ள பெல் ஒரு பொருட்டே அல்ல. அது எல்லாத் திசையிலும் பரவிவிடும். திசை பார்த்துச் செல்பவை அதன் மேல் கிளைக்கும் மேலொலிகள் மட்டுமே. ஓசைக்கு விளிம்பையும் தெளிவையும் கொடுப்பவை அவைதாம். பெல் மேலே பார்க்கும்போது அவை கூரையில் மோதிப் பின்வரிசைக்குப் போகின்றன. உங்கள் காதோ பெல்லின் வாய்க்குக் கீழே, பக்கவாட்டில் இருக்கிறது. எனவே உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அடிப்பகுதி மட்டுமே. பஞ்சு மூட்டை என்று நீங்கள் சொன்னது மிகச் சரியான உவமை. மாஸ்டர் சொல்வதும் உண்மை.

குழாய் பெருத்து, பெல் வாய் அகலமாக விரியும்போது அடி ஓசையின் பங்கு கூடி, மேலொலிகளின் பங்கு குறைகிறது. இதனால்தான் பெருத்த டியூபாவை அறைக்குள் கேட்டால் அகலமாகவும், தெருவில் கேட்டால் மங்கலாகவும் இருக்கிறது. கோசப்பேட்டை ஐயா காதால் அறிந்ததற்கு இதுவே காரணம். அறைக்குள் சுவரும் கூரையும் அடி ஓசையைத் திருப்பித் தருகின்றன. தெருவில் திருப்பித் தர எதுவுமில்லை.

ஒரு வேண்டுகோள். கைபேசியில் பதிவு செய்து, அதன் ஒலிபெருக்கியிலேயே கேட்டு முடிவு செய்துவிடாதீர்கள். அந்தச் சிறு ஒலிபெருக்கியால் 58 அதிர்வை உருவாக்கவே முடியாது. மேலொலிகளை வைத்து நம் மூளை அடி ஓசையைக் கற்பனை செய்துகொள்வதால்தான் ஏதோ கேட்கிறது. காதுக்குள் பொருந்தும் நல்ல இயர்போனில் கேளுங்கள். உங்கள் நாற்காலியை மூலைப் பக்கமாக நான்கடி நகர்த்தியும் பாருங்கள். சுவர் அருகே வந்தால் கீழ் ஸ்வரங்கள் கூடும். தலைக்கு மேல் மின்விசிறி ஓடினால் அதற்கு நேர் கீழே மட்டும் உட்காராதீர்கள். பெல்லிலிருந்து எழும் நீண்ட ஸ்வரத்தை இறக்கைகள் வெட்டிவெட்டிக் கொடுக்கும். கேட்பவர் நீங்கள் நடுங்குவதாக நினைப்பார்.

ஆற்காடு நாயனம் | திங்கள், பிற்பகல் 1.15

பேண்டு விவகாரத்தில் நாயனக்காரனுக்கு என்ன வேலை என்று யாரும் நினைக்கவேண்டாம். எங்கள் பக்கத்திலும் இதே வாதம் ஒருமுறை நடந்தது. குட்டையான திமிரி நாயனம் உரத்த சுருதியில் ஊரைக் கூட்டும். நீளமான பாரி நாயனத்தைத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பரவலாக்கியபோது கம்பீரமான கீழ்ச் சுருதி கிடைத்தது. (எங்கள் ஆற்காட்டுக்குப் பக்கத்தில் திமிரி என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் பாரிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததை நினைத்து இன்றும் சிரிப்பேன்.)

பெரிய நாயனத்துக்குப் பெரிய நெஞ்சு வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். என் அனுபவத்தில் நெஞ்சைவிட, வாயில் வைத்து ஊதும் நாணலான சீவாளிதான் முக்கியம். குழலுக்குப் பொருந்தாத சீவாளியை வைத்துக்கொண்டு பயில்வானே ஊதினாலும் சுருதி நிற்காது. டியூபாவுக்குச் சீவாளி இல்லை, உதடுதான் சீவாளி. அந்த உதட்டைத் தாங்குவது மவுத்பீஸ் என்ற கிண்ணம் என்பதால், நீங்கள் எந்த மவுத்பீஸ் வைத்து ஊதுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

காட்பாடி இயற்பியல் | திங்கள், பிற்பகல் 3.05

ஐயாவின் ஒப்புமையில் ஒரு சிறு திருத்தம். திமிரிக்கும் பாரிக்கும் உள்ள வேறுபாடு நீளம். ஆகவே சுருதி மாறுகிறது. அதற்கு இணையானது ஈ பிளாட்டிலிருந்து பி பிளாட்டுக்குப் போவது. ஒல்லி பி பிளாட்டிலிருந்து பெருத்த பி பிளாட்டுக்குப் போவதற்கு நாயனத்தில் நேர் இணை இல்லை. ஒரே நீள நாயனத்துக்கு அடிவாயான அணசை மட்டும் இரண்டு மடங்கு அகலமாக்கியது போல என்று வேண்டுமானால் சொல்லலாம். சீவாளியைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன்.

பாகாயம் பேஸ் | திங்கள், இரவு 9.50

நாயனக்கார ஐயா நாடி பார்த்துவிட்டார். டியூபாவோடு மவுத்பீஸ் வரவில்லை. என் ஈ பிளாட் மவுத்பீஸையே செருகி ஊதினேன். அது உள்ளே ஆடியது. பிறகு சென்னையில் ஒரு கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். "எல்லா டியூபாவுக்கும் ஒரே அளவுதான்" என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். அதன் தண்டும் இந்த வாத்தியத்தின் குழாய் வாய்க்குச் சிறியது. விரலால் தட்டினால் டக்டக்கென்று ஆடுகிறது. ஆடாமல் இருக்க நூல் சுற்றி வைத்திருக்கிறேன். கீழ் ஸ்வரங்கள் பிடிபடாமல் நழுவுவதற்கு என் மூச்சே காரணம் என்று நினைத்து ஒரு மாதமாகச் சண்டை போட்டு வருகிறேன்.

கணியம்பாடி ஓய்வு | செவ்வாய், காலை 5.40

வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போவது புதிதல்ல. கம்மவான்பேட்டையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கியைவிட பேஸைச் சுமந்த ஆண்டுகளே எனக்கு அதிகம். பச்மடியில் உள்ள ராணுவ இசைப் பிரிவில் பயிற்சி பெற்று, பேண்டிலேயே ஓய்வு பெற்றேன்.

பாகாயம் தம்பி, முதல் வேலையாக அந்த நூலை எடுத்து எறியுங்கள். டியூபா மவுத்பீஸ் தண்டில் அமெரிக்க அளவு, அதைவிடப் பருமனான ஐரோப்பிய அளவு என்று இரண்டு வழக்கம் உண்டு. உங்கள் வாத்தியம் இரண்டாவது வகையைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும். சிறிய தண்டு அளவுக்கு மீறி உள்ளே போய்விட்டால் சுருதியும் கெடும், ஸ்வரம் உட்காரும் இடமும் கெடும். பருமனான தண்டுள்ள மவுத்பீஸ் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கிண்ணத்தின் உள் அகலம் 32 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் போதும். வாத்தியம் பெரியது என்பதற்காகக் கிண்ணத்தையும் மிகப் பெரியதாக வாங்கினால் உதடு சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

கோசப்பேட்டை அண்ணன் சொன்னதை முழுவதும் ஏற்க முடியவில்லை. டியூபா பிறந்ததே படை வாத்தியமாகத்தான். பிரஷ்யாவில் ராணுவ பேண்டுகளை நடத்திய வீப்ரெக்ட் என்பவரும், மோரிட்ஸ் என்ற வாத்தியம் செய்பவரும் 1835ஆம் ஆண்டு செப்டம்பர் 12 அன்று இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். திறந்தவெளி அணிவகுப்பில் வலுவான அடி ஓசை வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே வெளியில் டியூபா செல்லாது என்று சொல்ல முடியாது. வெளியில் மிகப் பெருத்த டியூபா ஒன்று மட்டும் தனியாக நின்றால் செல்லாது என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். நாங்கள் நான்கு பேஸ் சேர்ந்து போவோம்.

பெரிய நெஞ்சு இருந்தால்தான் பெரிய டியூபா என்ற நம்பிக்கைக்கு மறுப்பாக ஒரு செய்தி சொல்கிறேன். உலகில் அதிகம் பேசப்பட்ட பெரிய டியூபா, அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் ஊரில் யார்க் நிறுவனம் 1930களில் செய்த சி பிளாட்... இல்லை, பிளாட் இல்லாத வெறும் சி. விரல் பழக்கத்தில் தவறாக வந்துவிட்டது. பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவின் நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி ஆர்கன் போன்ற அடி ஓசை கேட்டதால், அங்கே டியூபா வாசித்த டொனடெல்லிக்காக அது செய்யப்பட்டது. ஆனால் டொனடெல்லிக்கு அது உடம்போடு பொருந்தவில்லை. அவருக்குத் தொந்தி பெரிது, கை குட்டை. மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் வயிறு வாத்தியத்தைத் தள்ள, மவுத்பீஸ் உதட்டை விட்டு விலகியதாம். அவருடைய மாணவர் ஆர்னல்ட் ஜேக்கப்ஸ் அதை 175 டாலருக்கு வாங்கிக்கொண்டார். பிற்பாடு அவரே இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனியில் அவர் வாசித்த வாத்தியம் அதுதான். இத்தனைக்கும் ஜேக்கப்ஸுக்கு ஆஸ்துமா இருந்தது. நுரையீரல் கொள்ளளவும் குறைவு. பின்னாளில் ஹிர்ஸ்ப்ருன்னர், யமஹா ஆகிய நிறுவனங்கள் அந்த வாத்தியத்தை அளந்து படியெடுத்துச் செய்தன.

வாங்கியவரின் நெஞ்சு பெரிதாக இல்லை. விற்றவரின் வயிறுதான் பெரிதாக இருந்தது. வாத்தியம் உடம்போடு எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பாருங்கள். எடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூச்சு போதாத இடத்தில் வெட்கப்படாமல் மூச்சு எடுங்கள். கீழ் ஸ்வரத்தை உரக்க ஊதும்போது காற்று குடம் குடமாகப் போகும். அரை வாக்கியத்துக்கு ஒரு முறை மூச்சு எடுப்பது குற்றமல்ல. இரண்டு பேஸ் இருந்தால் மாற்றி மாற்றி எடுங்கள், கேட்பவருக்குத் தெரியாது.

சத்துவாச்சாரி பிசியோ | செவ்வாய், இரவு 10.25

நான் பிசியோதெரபிஸ்ட், வாத்தியம் வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் அப்பா பேஸ் வாசித்தவர் என்பதால் இந்த வலிகளைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். டொனடெல்லி கதையைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

பாகாயம் சார், உங்கள் உயரத்தைச் சொன்னீர்கள். நாற்காலியின் உயரத்தைச் சொல்லவில்லை. பெரிய டியூபாவை மடியில் வைத்தால், ஐந்தடி நாலங்குலம் உள்ளவருக்கு மவுத்பீஸ் பெரும்பாலும் மூக்குக்கு நேரே வரும். அதை எட்டுவதற்காக முகவாயைத் தூக்கி, கழுத்தைப் பின்னால் வளைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவீர்கள். கழுத்தில் இழுப்பு வருவது அதனால்தான். தொடை மரத்துப் போவதற்குக் காரணம் 12 கிலோ அல்ல. குழாயின் கீழ் வளைவு தொடையின் குறுக்கே ஒரே கோட்டில் அழுத்துகிறது. அதே எடை அகலமாகப் பரவினால் மரத்துப் போகாது.

வழி எளிது. முதலில் வாத்தியம் இல்லாமல், இரண்டு பாதமும் தரையில் பதிய, முதுகு நிமிர்ந்து, முகவாய் சமமாக உட்காருங்கள். அப்படியே அசையாமல் இருங்கள். இன்னொருவர் டியூபாவைக் கொண்டுவந்து மவுத்பீஸை உங்கள் உதட்டில் பொருத்தட்டும். இப்போது வாத்தியத்தின் அடி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தொடைக்குக் கீழே, நாற்காலியின் முன்விளிம்பை ஒட்டி அந்தரத்தில் நின்றால், அங்கே அதைத் தாங்க ஒரு பொருள் வேண்டும். அதற்கென்றே தாங்கிகள் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் தச்சரிடம் சொல்லி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிற்கும்படி ஒரு சின்ன முக்காலி செய்துகொள்ளலாம். மேலே ஜமக்காளத்தை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். பாரம் தரைக்குப் போய்விட்டால் இடது கைக்குச் சாயாமல் பிடிக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். தேவாலயத்தின் நீள பெஞ்சில் உட்காரவே வேண்டாம். அதன் சாய்மானம் உங்களைப் பின்னால் தள்ளும். கை வைக்கும் சட்டம் இல்லாத தனி நாற்காலி போதும்.

தலைசுற்றலை அலட்சியம் செய்யவேண்டாம். டியூபா காற்றை அதிகம் எதிர்க்காத வாத்தியம். பெரிய மூச்சை வேகமாக வெளியேற்றி, உடனே மறுபடியும் பெரிதாக இழுத்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். அதனால்தான் கிறுகிறுப்பு வருகிறது. அது வந்தவுடன் வாத்தியத்தைக் கீழே வைத்து, இயல்பாக மூச்சு விட்டு, தெளிந்த பிறகே தொடங்குங்கள். ஊதாமல் இருக்கும்போதும் கிறுகிறுப்பு வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கோசப்பேட்டை செட் | புதன், காலை 7.00

ராணுவத் தம்பி சொன்னது சரி. நான்கு பேஸ் சேர்ந்து போனால் கதையே வேறு. எங்கள் செட்டில் மொத்தமே பதினோரு பேர், அதில் பேஸ் ஒருவன். என் கணக்கு அந்த ஒருவனுடைய கணக்கு.

வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் ஊர் வெயிலில் பித்தளையைத் தொடவே முடியாது. சூடு ஏறினால் சுருதியும் ஏறும். ஒருமுறை அணைக்கட்டு பக்கம் மாப்பிள்ளை அழைப்பில், கீபோர்டுக்காரன் வேன் மேலேயும் நாங்கள் கீழேயுமாக வாசித்தோம். பந்தலை அடைவதற்குள் நாங்கள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ட்யூனிங் குழாயை இழுத்து நீட்டி, நீட்டிக்கொண்டே போனேன். பெரிய வாத்தியத்தில் அந்தக் குழாய் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்கவேண்டும். ஊதும்போது கையால் இழுக்க முடியாவிட்டால் வீண்.

காட்பாடி இயற்பியல் | புதன், காலை 7.30

வெப்பநிலை 10 டிகிரி கூடினால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 6 மீட்டர் கூடும். சுருதி ஏறுவது அதனால். கீபோர்டின் சுருதிக்கு வெயில் ஒரு பொருட்டல்ல. அதனால்தான் பிரிந்து போனீர்கள். நான்காவது வால்வும் இங்கே உதவும். முதல் வால்வையும் மூன்றாவதையும் சேர்த்து அழுத்தினால் ஸ்வரம் இயல்பாகவே சற்று ஏறிப் போகும்.  அந்த இடத்தில் நான்காவதை மட்டும் அழுத்தினால் ஸ்வரம் சரியாக உட்காரும். பாகாயம் அண்ணா மூன்று வால்வுப் பழக்கத்தில் நான்காவதைத் தொடாமல் வைத்திருப்பார் என்று சந்தேகிக்கிறேன்.

பாகாயம் பேஸ் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.20

சந்தேகம் சரிதான். நான்காவது வால்வில் எண்ணெய் வறண்டு, ஒட்டிப் போயிருந்தது. நான் அதைத் தொட்டதே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பருமனான தண்டுள்ள மவுத்பீஸ் ஒன்று கைமாறிக் கிடைத்தது. செருகியவுடன் இறுகி நின்றது. கீழ் எஃப் இரண்டாவது முயற்சியிலேயே பிடிபட்டது. ஒரு மாதமாக என் மூச்சைத் திட்டியிருக்கிறேன். முக்காலி இன்னும் ஆகவில்லை. தற்போதைக்கு இரண்டு பழைய பாட்டுப் புத்தகக் கட்டுகளை அடுக்கி, மேலே ஜமக்காளம் போட்டு, அதன் மேல் டியூபாவை நிறுத்துகிறேன். பிசியோ சகோதரி சொன்னபடி என் மனைவி வாத்தியத்தைத் தூக்கிப் பிடிக்க, நான் சிலை போல உட்கார்ந்து அளவு எடுத்தேன். மவுத்பீஸ் இதுவரை நான் வைத்திருந்த இடத்துக்கு நான்கு விரற்கடை கீழே வந்து நின்றது. நான்கு விரற்கடை! இன்று காலை ஆராதனை முழுவதும் ஊதியும் தொடை மரத்துப் போகவில்லை. தோளில் இழுப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

ஓசையையும் சோதித்தோம். ஒரே கீர்த்தனையை இரண்டு பேஸிலும் வாசித்தேன்; மாஸ்டர் முதல் வரிசை, நடு வரிசை, கடைசி வரிசை என்று மாறி மாறி உட்கார்ந்து கேட்டார்; பதிவை நான் இயர்போனில் கேட்டேன். முதல் வரிசையில் ஈ பிளாட் தெளிவாக இருந்தது, டியூபா தடித்து மங்கலாக இருந்தது. கடைசி வரிசையில் ஈ பிளாட் தனியாக ஒரு வாத்தியமாகக் கேட்டது. டியூபாவோ அங்கே தனியாகக் கேட்கவே இல்லை. ஆனால் பாடகர் குழுவுக்கு அடியில் ஏதோ தரை போட்டது போல இருந்தது. நான் ஒரு சரணத்துக்கு ஊதாமல் நிறுத்தியபோதுதான் அது இருந்ததே தெரிந்தது என்றார் மாஸ்டர். என் காதுக்கு இன்றும் பஞ்சு மூட்டைதான். அதைப் பொருட்படுத்தாமல், உதட்டிலும் விலாவிலும் படும் அதிர்வை வைத்து ஊதப் பழகி வருகிறேன்.

டிசம்பர் கேரல் பவனிக்கு ஈ பிளாட்டையே வேனில் ஏற்றப் போகிறேன். கோசப்பேட்டை அண்ணன் சொன்னபடி அதை விற்கவில்லை. ஆலயத்துக்குள் டியூபா, தெருவில் ஈ பிளாட் என்று மாஸ்டரும் ஒப்புக்கொண்டார்.

முக்காலிக்கு வாலாஜாவில் ஒரு தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். உயரம் 31 சென்டிமீட்டர் வருகிறது. புத்தகக் கட்டு நேற்று ஒரு பக்கம் சரிந்து, நான்காவது வால்வின் குழாயில் சின்ன நெளிசல் விழுந்துவிட்டது.

கோசப்பேட்டை செட் | ஞாயிறு, இரவு 9.15

நெளிசலை நீங்களே தட்டி எடுக்கப் பார்க்காதீர்கள், பித்தளை விரிந்துவிடும். கழற்றிக் கொண்டுவாருங்கள், என்னிடம் உருண்டைக் கம்பி இருக்கிறது. முக்காலிக்கு மூன்று காலிலும் ரப்பர் அடிக்கச் சொல்லுங்கள். ஆலயத்தில் டைல்ஸ் தரை, வழுக்கும்.

சத்துவாச்சாரி பிசியோ | ஞாயிறு, இரவு 9.40

உயரம் 31 என்பதைக் காலணியோடு அளந்தீர்களா, வெறுங்காலோடா? ஆலயத்துக்குள் எப்படி உட்காருவீர்களோ அப்படி மறுபடியும் அளந்து, பிறகு தச்சரிடம் சொல்லுங்கள்.